இடக்கதவின் அன்னம்

எண்பத்தாறாம் ஆண்டின் வைகாசி வெயில் பாகலூர்ச் சாலையை வாட்டிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், நாராயணம்மா தன் கணவரின் பட்டறைப் பூட்டைத் திறந்தாள். திம்மராய ஆசாரி இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. உள்ளே தேக்கின் நெய்மணமும், ஆறிப்போன வச்சிரப் பசையின் வாடையும் கலந்து நின்றன. சுவரோரம் ஓர் இரட்டைக் கதவு சாய்ந்திருந்தது. ஓசூர்த் தொழிற்பேட்டையில் பொறியாளராயிருந்த மதுரைக்காரர் ஒருவரின் புதுவீட்டுப் பூசையறைக்கு உரியது. வலக்கதவில் திம்மராயன் செதுக்கி முடித்த அன்னம், கழுத்தை வளைத்துத் தன் துணையைப் பார்த்து நின்றது.

இடக்கதவு வெறும் பலகை.

பத்து நாளில் புதுமனை புகுவிழா. அதற்குள் கதவு முடியாவிட்டால் உளிப்பெட்டியையும் பட்டறையையும் தானே எடுத்துக்கொள்வதாகக் கொழுந்தன் கங்கப்பன் நான்கு பேர் முன்னிலையில் சொல்லியிருந்தான்.

"உப்புத்தாள் தேச்ச கை உளி புடிக்குமா அண்ணி? அண்ணன் இருந்தா உடுவாரா?" என்று சிரிக்கவும் செய்தான்.

விட்டிருக்க மாட்டார்; அது அவளுக்கும் தெரியும். இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் செதுக்கியதையெல்லாம் தேய்த்து மெருகேற்றியவள் அவள்தான். ஆனால் ஓர் உளியை எடுத்து நீட்டக்கூட அவர் அவளை விட்டதில்லை. என்றாலும், தேய்க்கும் விரலுக்குத் தெரியாத மறைவு மரத்தில் ஏது? அவர் உளி எங்கே விரைந்தது, எங்கே தயங்கியது, எங்கே வழுக்கியது என்று அவள் விரல்கள் மறை ஓதுவதுபோல் ஓதி வைத்திருந்தன. திருமகளை மனத்துள் வணங்கி, உளியையும் அதை அடிக்கும் மரச்சுத்தியலான கொட்டாப்புளியையும் கையில் எடுத்தாள்.

மூன்று நாளில் ஒன்பது இறகுடன் அன்னம் பலகையிலிருந்து எழுந்துவிட்டது.

நான்காம் நாள் நண்பகல். தொழிற்சாலைச் சங்கு ஊதி அடங்கியது. சாலையில் வண்டி இல்லை. காற்றும் நின்றுவிட்டது. வாசல்படியில் அமர்ந்து களியுருண்டையைப் பிட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

உள்ளே கொட்டாப்புளி விழும் ஓசை.

டொக்.

ஓர் இடைவெளி.

டொக்.

இரண்டு அடிக்கு நடுவே மூச்சை இழுத்து நிறுத்தும் அந்த நிதானம் ஒரே ஒருவருக்கு உரியது. அவள் எழுந்து உள்ளே போனாள். பட்டறையில் யாரும் இல்லை. இடக்கதவின் அன்னத்துச் சிறகில், விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. பத்தாண்டு காய்ந்த தேக்கு, அந்த வெட்டின் வாயில் மட்டும் பச்சை மரம்போல் கசிந்துகொண்டிருந்தது.

அவள் பட்டறைக் கதவைச் சார்த்திக்கொண்டு வீட்டுக்கு ஓடவில்லை. பொழுது சாயும்வரை அமர்ந்து, அந்த வெட்டையே நடு நரம்பாக வைத்து, இருமருங்கும் கோடிழைத்து அதைப் புதியதோர் இறகாக்கினாள்.

மறுநாள் நண்பகல் இன்னொரு வெட்டு, இன்னோர் இறகு. அதற்கடுத்த நாளும் அவ்வாறே. அன்று வேவு பார்க்க வந்த கங்கப்பன், ஆளில்லாப் பட்டறையில் எழுந்த ஓசையைக் கேட்டுச் செருப்பைப் போட்டது போட்டபடி ஓடினான். வலக்கதவின் அன்னத்துக்கு ஒன்பது இறகு. அவளுடையதற்குப் பன்னிரண்டு ஆயிற்று.

ஏழாம் நாள் அவள் வாசலுக்குப் போகவில்லை. உள்ளேயே காத்திருந்தாள்.

சங்கு ஊதி ஓய்ந்தது. வெற்றிலையும் வியர்வையும் கலந்த மணம் ஒன்று அவள் தோளை உரசிக் கடந்தது. மேடையிலிருந்த உளி தானே எழுந்தது. மெல்ல நகர்ந்து, அன்னத்தின் கழுத்தில் நுனி பதித்து நின்றது.

கழுத்தில் விழும் வெட்டை இறகாக்க முடியாது.

கொட்டாப்புளி உயர்ந்தது.

நாராயணம்மா கூரூசியை எடுத்தாள். உளியின் பக்கம் போகவில்லை. வலக்கதவின் எதிரே நின்று, அவர் அன்னத்தின் கழுத்தடியில் ஊசி முனையை வைத்தாள்.

"இங்க உங்க உளி வழுக்கிருச்சுங்க," என்றாள், தாழ்ந்த குரலில். "மரத்தூளும் பசையும் கொழச்சு நாந்தான் மூடுனேன். உங்களுக்கே தெரியாது. இந்த ஒண்ணு இல்லீங்க. நீங்க செஞ்ச ஒவ்வொரு கதவுலயும் மூடியிருக்கறேன். என் அன்னத்துமேல கை வச்சீங்கன்னா இத நோண்டி எடுத்துருவேன். ஊரே வந்து பாக்கட்டும்."

உயர்ந்த கொட்டாப்புளி அந்தரத்திலேயே நின்றது. அவள் கையும் அசையவில்லை.

பிறகு கொட்டாப்புளி மேடைக்கு இறங்கியது; உளி நடுங்கித் தரையில் விழுந்தது.

அவள் குனிந்து எடுத்தாள். பிடி, யாரோ அப்போதுதான் விட்டதுபோல் சுட்டது. அதே பிடியைப் பற்றிக்கொண்டு அன்னத்துக்குக் கண் திறந்தாள்.

கதவு உரிய நாளில் நிலையேறியது. கங்கப்பன் அதன்பின் உளிப்பெட்டியைப் பற்றிப் பேசவேயில்லை.

ஒரு மாதம் கழித்துப் பொறியாளரின் மனைவி வீரலட்சுமி பட்டறைக்கு வந்து அவளைக் கையோடு அழைத்துப் போனாள். நாள்தோறும் நண்பகலில் வலக்கதவின் கீழே புதிய மரச்சுருள்கள் கிடக்கின்றனவாம். பெருக்கினால் மறுநாளும் கிடக்கின்றனவாம். நாராயணம்மா பூசையறைமுன் நின்று பார்த்தாள். திம்மராயனின் அன்னத்துக்கு இப்போது பன்னிரண்டு இறகு இருந்தது. மூன்றில் மெருகில்லை. தொட்டதும் சிராய் விரலில் ஏறியது.

"பூசாரியக் கூப்பிடணுமாக்கா?" என்று கிசுகிசுத்தாள் வீரலட்சுமி. "இல்லேன்னா நீங்களே தேச்சு மெருகு போட்டுக் குடுத்துருங்களேன்."

நாராயணம்மா சிராயைப் பல்லால் பிடுங்கினாள்.

"செதுக்குனவரே தேச்சுக்கட்டும்," என்றாள், கதவுக்குக் கேட்கும்படி. "நான் இருபத்திரண்டு வருசம் தேச்சாச்சு."

கதவை இழுத்துச் சார்த்திவிட்டு இருவரும் கூடத்தைக் கடந்தார்கள். தெருவாசலை அடைவதற்குள் பின்னால் ஓர் ஓசை தொடங்கியது.

பூசையறைக்குள், பழக்கமில்லாத கை ஒன்று, விட்டுவிட்டு, உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தது.