உச்சி வெயிலில் ஒரு நிழல்

வால்வு நிலையத்தின் தகரக் கதவைக் கையால் தொடக்கூட மனமில்லாமல், பூட்ஸ் காலாலேயே தள்ளித் திறந்தார் வரைபட நிபுணர். உள்ளே துரு வாடை. மூக்கைப் பொத்திக்கொண்டு மடிக்கணினியை விரித்தார்.

எரிவாயுக் குழாய்ப் பாதையில் வீடோ ஆளோ இல்லை என்று அவர் கையெழுத்துப் போட்டால், நாலு மணிக்கு வாயு பாயும். மூன்று வருஷம் முன்பு குழாய் பதித்தபோதும் அவர் வரைபடம்தான் வேதவாக்கு.

பாதை முழுக்க நடந்தே கண்காணிக்கும் காவலாளி எட்டிப் பார்த்தார். நிபுணர் அவருக்கு வைத்த பெயர் ‘நடராஜா சர்வீஸ்’.

“என்ன நடராஜா, கழுகு பாக்குறதை எறும்பு பாத்துடுமா?”

“எறும்புக்கு மண்ணு தெரியும் சார்.”

திரையில் நேற்று ட்ரோன் எடுத்த படம். குழாய்க்கு நேர்மேலே கறுப்பாக, சதுரமாக ஏதோ ஒன்று.

காவலாளியின் குரல் இறங்கியது. “குழாய் பதிக்கிறப்ப அங்க ஒரு வீடு இருந்துச்சு சார். உள்ள காது கேக்காத பெரியவர், இருமிக்கிட்டே கிடப்பார். மேப்ல வெறும் நிழல்னுதான் போட்டிருக்குன்னு புல்டோசரை விட்டுட்டாங்க.”

அப்படிக் குறித்தது நிபுணருக்கு நினைவிருந்தது. வாய் மட்டும் வழக்கம்போல் வளைந்தது.

“இதுவும் நிழல்தான்யா.”

“உச்சி வெயில்ல ஏது சார் நிழல்? அது விழக் கூடாதுன்னுதானே பன்னெண்டு மணிக்குப் பறக்க விடுறீங்க?”

நடந்து பிழைக்கிறவன் பாடம் நடத்துவதா! சதுரத்தை ‘நிழல்’ என்று குறித்து, படத்திலிருந்து அழித்தார்.

சதுரம் மறைந்தது. திரும்ப வந்தது.

“வாய்யா, நேர்லயே காட்டுறேன்!”

ஜீப்பில் போனார்கள். சரியாகப் பன்னிரண்டு மணி. பொட்டல் வெளி. ஒரு செங்கல்கூட இல்லை. நிபுணர் நடுவில் நின்று ட்ரோனை ஏவினார்.

“எங்கய்யா உன் வீடு? கூப்பிடு, வரட்டும்!”

பூட்ஸுக்கு அடியில் யாரோ இருமினார்கள்.

காவலாளி பின்வாங்கினார். நிபுணர் காதில் விழாததுபோல் காலை மட்டும் மாற்றி வைத்தார்.

நிலையத்துக்குத் திரும்பியதும் படத்தைக்கூடப் பார்க்காமல் படிவத்தில் கையெழுத்திட்டார்: ‘பாதையில் யாரும் இல்லை.’

பிறகுதான் படத்தைத் திறந்தார்.

சதுரம் இல்லை. ஜீப் இருந்தது. தள்ளி, காவலாளி இருந்தார்.

நிபுணர் நின்ற இடத்தில் நிபுணர் இல்லை.

ஆள் நீளத்துக்கு ஒரு கறுப்பு மட்டும்.

“நடராஜா... இதுல நான் எங்கய்யா?”

காவலாளி வாசலில் நின்று அறையைத் துழாவினார். பார்வை நாற்காலியைத் தாண்டிப் போனது.

“சார்? இப்பத்தானே உள்ள வந்தீங்க... எங்க போனீங்க?”

நிபுணர் கத்தினார். காவலாளி திரும்பவில்லை.

திரையில் எழுத்துகள் தோன்றின: நிழல். அழிக்கலாமா?

நிபுணரின் கை மேஜை மேல் அசையாமல் கிடந்தது.

நாற்காலிக்கு அடியில் ஓர் இருமல்.

‘ஆம்’ தானாக அழுந்தியது.