கூப்பிடாத தெரு

அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்கும் காலிங் பெல் இல்லை. முன்பு இருந்ததற்கு அடையாளம் இருந்தது. ஒவ்வொரு கதவுக்குப் பக்கத்திலும் உள்ளங்கை அகலத்துக்குச் சுவர் வெளுத்து, நடுவில் இரண்டு கம்பி முனைகள் கறுப்பு டேப் சுற்றிக்கொண்டு நின்றன. வீடு பார்க்க வந்தவள், முதல் வீட்டில் பார்த்தபோது பழுது என்று நினைத்தாள். வரிசையாக எல்லா வீட்டிலும் அப்படியே இருந்ததும், வேண்டுமென்றே கழற்றியிருக்கிறார்கள் என்று புரிந்தது.

"குரல் குடுத்துப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள், கேட்டில் கை வைத்தபடி.

"வேணாம் மேடம்," என்றார் புரோக்கர். தெருமுனை வரை தண்ணீர் வசதி, பஸ் வசதி என்று வாய் ஓயாமல் வந்த மனிதர், உள்ளே திரும்பியதிலிருந்து கிசுகிசுப்பாகத்தான் பேசினார். "மிஸ்டு கால் குடுத்தா வந்து திறப்பாங்க. மாடியில இருக்கிற அம்மாவுக்குப் பேச வராது. இந்தத் தெருவுல அந்த மாதிரி நாலஞ்சு பேர் இருக்காங்க. முன்னாடியே சொல்லிட்டேன், அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது."

குறையா? அவளுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல இருந்தது. அவள் ஆஸ்பத்திரியில் காது கேட்கும் அளவைப் பரிசோதிப்பவள். இரண்டு காதிலும் மெஷின் மாட்டிய ஏழு வயது மகளுக்குத் தாய். கைச்சாடையில் பேசும் மனிதர்கள் நிறைந்த தெரு தனக்கென்றே யாரோ போட்டு வைத்தது என்று நம்பிவிட்டாள்.

நம்பாமல் என்ன செய்வாள்? புது வேலைக்காக இந்தப் பெருநகரத்துக்கு வந்து அக்கா வீட்டில் இறங்கினாள். கணவனுக்கு மாற்றல் வரும்வரை தனியாகத்தான் சமாளிக்க வேண்டும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இவர்கள் ஒரு மாதத்தைத் தாண்டிவிட்டார்கள். அக்கா வீட்டுக்காரர் இப்போதெல்லாம் இவளைக் கண்டதும் பேப்பரை விரித்துக்கொள்கிறார். அவள் ஏறி இறங்கிய மலிவான வீடுகள் எல்லாமே சத்தத்துக்கு நடுவில் இருந்தன. ஒன்று ரயில் பாதை ஓரம், ஒன்று லேத் பட்டறைக்கு மேலே, ஒன்றில் ஜன்னலைத் திறந்தால் சந்தை. காது மெஷின் நல்ல சத்தம் கெட்ட சத்தம் என்று பிரித்துப் பார்க்காது, எல்லாவற்றையும் பெரிதாக்கும். அப்படிப்பட்ட வீட்டில் குழந்தை மெஷினைக் கழற்றி எறிந்துவிடும். அரும்பாடுபட்டு வந்த பேச்சு வந்த வழியே போய்விடும். அதுதான் அவளுடைய ஒரே பயம்.

"வாடகையும் கம்மி, சத்தமும் இல்ல. ரெண்டும் ஒண்ணா எப்படிடி கிடைச்சுது?" என்றாள் அக்கா.

"அதிர்ஷ்டம்னு வச்சுக்கோயேன்."

"அதுக்கு நம்ம குடும்பத்து அட்ரஸே தெரியாதே."

குடி வந்த முதல் நாளே அந்த அமைதியின் கனத்தை உணர்ந்தாள். மனிதர்கள் வாழும் தெருவில் தானாக எழ வேண்டிய சத்தங்கள், பாத்திரம் உருளுவது, டிவி, அடுத்த வீட்டுச் சண்டை, மாடியிலிருந்து கீழே போகிறவனைக் கூவி அழைப்பது, எதுவும் எழவில்லை. ஈரச் சுண்ணாம்பு வாசனையும் கேட்டின் துரு வாசனையும் அந்த அமைதியில் இன்னும் தூக்கலாகத் தெரிந்தன. ஆனால் குழந்தைக்குப் பிடித்துவிட்டது. மாடியம்மாவிடம் மாலை நேரமெல்லாம் உட்கார்ந்து கைச்சாடையில் கதை பேசியது. வேறென்ன வேண்டும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

மகளைத் தும்பி என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை இவள் வேண்டுமென்றே பழக்கியிருந்தாள், கடைசி எழுத்தை இழுத்தால் அது மெஷினுக்கு நன்றாக எட்டும் என்று. எந்த ஊரில் இருந்தாலும் வேலையிலிருந்து திரும்பும்போது கேட்டில் நின்று ஒரே ஒரு முறை கூப்பிடுவாள். மகள் ஜன்னலில் கை தூக்கினால் மெஷின் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இந்தத் தெருவிலும் வேலை முடிந்து திரும்பிய முதல் மாலை அப்படியே கூப்பிட்டாள்.

"தும்பீ..."

ஜன்னலில் கை தெரிந்தது. அதே நேரம் தெருவின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. கோபமாக அறைந்து சாத்தவில்லை. அவசரமாக, ஓசை வராமல் சாத்தினார்கள். மாடியம்மா செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடிவந்து, சோப்பு மணக்கும் உள்ளங்கையால் இவள் வாயைப் பொத்தினாள். மற்றக் கையின் விரல் வேண்டாம் வேண்டாம் என்று ஆடியது. இவளுக்குச் சுருக்கென்றது.

அன்று போனில் அக்காவிடம் சொன்னாள். "மாமியார் கூட இல்லாத குறைய மாடியம்மா தீத்து வைக்கிறாங்க."

"உன் குரல் ஏண்டி கம்முது?"

"ஏசி ஒத்துக்கல போல."

பழக்கத்தை விடவில்லை. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டாள். கூப்பிடும் ஒவ்வொரு மாலைக்குப் பிறகும் தொண்டை கொஞ்சம் அடைத்தது. வலி இல்லை, சளி இல்லை. காது மூக்கு தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றார்.

பிறகு ஒரு நாள், பரிசோதனை அறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தார். இவள் மைக்கில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. மைக்கில் பேசினால் துள்ள வேண்டிய முள்ளைப் பார்த்தாள். அது அசையவே இல்லை. பக்கத்து மேசைப் பெண் வந்து "ஹலோ" என்றதும் துள்ளியது. இவள் மறுபடி பேசினாள். தன் மண்டைக்குள் தன் குரல் கேட்டது. முள் படுத்தே கிடந்தது.

அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். மாடியம்மாவின் சமையலறையில் குழந்தை படம் வரைந்துகொண்டிருந்தது. இவள் கை பட்டு ஒரு தட்டு விழுந்தது. அடுப்பைப் பார்த்து நின்ற மாடியம்மா தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினாள். அந்தக் காது நன்றாகக் கேட்கும் காது. பரிசோதிக்கவே தேவையில்லை. இத்தனை நாள் ஏன் கவனிக்கவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சாடை காட்டும்போது மாடியம்மாவின் உதடுகள் சரளமாக அசைந்தன, காலமெல்லாம் பேசிப் பழகிய வாய்.

எப்போதிலிருந்து என்று கையால் கேட்டாள்.

மாடியம்மா தன் போனில் ஒரு படம் காட்டினாள். இரட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண், அப்படியே மாடியம்மாவின் முகம். அந்தப் பெண்ணைத் தொட்டு, தன் தொண்டையைத் தொட்டு, பிறகு வாசல் கேட்டைக் காட்டினாள். வா என்று கையால் அழைத்தாள். அழைத்த கையை நெஞ்சில் அடித்து, இல்லை என்று தலையை ஆட்டினாள். நான் கூப்பிடவில்லை, என்றது அந்தச் சாடை. கண்ணில் நீர் நிற்காமல் ஓடியது, ஒரு விசும்பல்கூட வெளியே வரவில்லை.

முழுதாகப் புரியவில்லை. புரிந்தவரை போதும், அக்கா வீட்டுக்காரரின் பேப்பரே தேவலை என்று முடிவெடுத்தாள். மகளைக் கீழே கூட்டிவந்து, கதவைத் தாழிட்டு, பையில் துணியை அடைக்கத் தொடங்கினாள். பழக்கத்தில் அக்காவுக்குப் போன் செய்தாள். "யாரு? ஹலோ? ஒண்ணும் கேக்கலையே," என்று அக்கா வைத்துவிட்டாள். போனைச் சமையலறை மேடையில் சார்ஜில் போட்டுவிட்டு, மகளின் உடுப்புகளை மடித்தாள். வெளியே வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு ஜன்னல் சாத்தப்பட்டது. அதற்கடுத்த ஜன்னலும்.

கரண்ட் போனது.

"அம்மா?" அடுத்த அறையிலிருந்து மகளின் குரல். இருட்டில் குழந்தைக்கு உதடு தெரியாது, முகம் தெரியாது. குரல் ஒன்றுதான் அம்மா.

இதோ வரேன், என்றாள். காற்று மட்டும் வந்தது.

சுவரைத் தடவிக்கொண்டு போனாள். மாடியில் தரையைக் காலால் உதைக்கும் ஓசை கேட்டது. தொம். தொம். தொம். பிறகு அதுவும் நின்றது.

"அம்மா, எங்க இருக்க?"

சின்ன மணிக்கட்டு கையில் கிடைத்தது. இறுகப் பிடித்தாள்.

வாசலில், கேட்டுக்கு அருகே, ஒரு குரல்.

"தும்பீ..."

அவள் குரல். அவள் இழுக்கும் அதே இழுப்பு. வேலை முடிந்து வரும் களைப்புக்கூட அப்படியே.

பிடித்திருந்த கை விறைத்தது.

"அம்மா வெளிய இருக்கியா?" மகளின் மூச்சு வேகமானது. "அப்ப இது யாரு?"

நான்தான். நான்தாண்டி. வாய் திறந்தது, நாக்கு புரண்டது. ஒன்றும் இல்லை. மகளின் விரல்களை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்தாள். ஈரம் பட்டதும் குழந்தை அலறிக் கையை உதறியது. கட்டி அணைத்தாள். திமிறியது. போன் சமையலறையில். எடுக்கப் போனால் கையை விட வேண்டும்.

"அம்மா, யாரோ என்னைப் பிடிச்சிருக்காங்க. பேசவே மாட்டேங்கறாங்க."

"பயப்படாத கண்ணு." இப்போது கதவுக்கு மிக அருகே. "அம்மா வந்துட்டேன். தாழ்ப்பாளை மட்டும் நீக்கிடு."

மகள் கடித்தாள். எலும்பு வரை பல் இறங்கியது. அவள் கத்தினாள், சத்தம் வரவில்லை. இருவரும் கதவில் போய் மோதினார்கள். இடுப்பை வளைத்துப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். குழந்தையின் கை மேலே நீண்டு, இரும்பைத் தேடித் தடவியது.

வெளியே அவளுடைய குரல் அழத் தொடங்கியது. பெற்றவள் அழுகிற அழுகை.

"யாரும்மா நீ? என் பொண்ண விட்டுடு."

தாழ்ப்பாள் நகர்ந்தது.