ஆணியடித்த ஜன்னல்

போன் அலறியது.

ஏற்காடு போலீஸ் ஸ்டேஷன். காலை பத்து இருபது. இன்ஸ்பெக்டர் புவனேஸ்வரி ரிசீவரை எடுத்தாள்.

"மேடம்... கொட்டச்சேட்டுப் பக்கம் காப்பி எஸ்டேட்டுங்க. புள்ளைக் காப்பகத்துல ஒம்பது கொளந்தைங்க மயங்கிக் கெடக்குதுங்க. ஆயாவும் கெடக்குது. சீக்கிரம் வாங்க."

பேசிய பெண் போனை வைத்துவிட்டாள்.

ஜீப் பறந்தது. பனி மூடிய வளைவுகளில் டிரைவர் சிவக்குமார் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ்கள் சேலத்துக்குக் கிளம்பியிருந்தன. ஒன்பது குழந்தைகள். ஆயா குப்பாயி. யாருக்கும் நினைவு திரும்பவில்லை.

காப்பகம் என்பது ஒரே அறைதான். மூன்று சேலைத் தூளிகள், ஆறு பாய்கள். கதவருகே கரி நிரப்பிய ஒரு கணப்புச் சட்டி... இன்னும் கனன்று கொண்டிருந்தது.

எஸ்டேட் மேனேஜர் விஜயகுமார் மஃப்ளரைச் சரிசெய்தபடி வந்தார்.

"எல்லாம் குப்பாயி பண்ணின வேலைங்க மேடம். குளிருதுன்னு ரூமுக்குள்ள கரி போட்டுக்கும். நானும் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்..."

மயங்கிக் கிடப்பவள் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. எவ்வளவு சௌகரியம்!

"சட்டியே இல்லீங்க."

வாசலில் ஒருத்தி. இடுப்பில் காப்பிப் பழம் பறிக்கும் பை. வெறுங்கால். போன் செய்த ராணி அவள்தான். ஆம்புலன்ஸில் இடமில்லாமல் அவள் புருஷன் மட்டும் குழந்தையோடு போயிருந்தான்.

"பத்து மணிக்கு பால் குடுக்க வந்தனுங்க. கதவத் தொறந்தா எல்லாம் கெடக்குது. நாந்தானுங்க ஒவ்வொன்னாத் தூக்கி வெளிய போட்டேன். ஆயாவையும் இழுத்தேன். பத்துத் தடவ உள்ள போயி வந்தேன். இந்த எடத்துல சட்டி இருந்திருந்தா எங்காலு வெந்திருக்குமுங்க."

"பதட்டத்துல கவனிச்சிருக்க மாட்டா மேடம்" என்றார் விஜயகுமார்.

புவனேஸ்வரி அவரைப் பார்க்கவே இல்லை.

"ராணி, எந்தக் குழந்தை ரொம்ப மோசமா இருந்துச்சு?"

"எம் புள்ளைங்க. சிவரஞ்சனி. ரெண்டு வயசு. கதவுகிட்ட இருந்ததுகள மொதல்ல தூக்குனேன். அவ பின்னால செவுத்தோரம் படுத்திருந்தா. அவளத்தான் கடைசியாத் தூக்குனனுங்க."

சொல்லிவிட்டு அவள் தன் வயிற்றில் தானே அறைந்து கொண்டாள்.

புவனேஸ்வரிக்குள் ஏதோ தீப்பிடித்தது. கரிச்சட்டி கதவருகே... ஆனால் சாகக் கிடப்பது பின்சுவர் குழந்தை.

கை நீட்டினாள். "மிஸ்டர் விஜயகுமார், உங்க கார் சாவி."

"எதுக்குங்க?"

"இவங்க சேலம் போகணும். உங்க டிரைவரை ஓட்டச் சொல்லுங்க. இப்பவே."

கார் இறங்கிப் போனதும் அவள் கட்டிடத்தைச் சுற்றினாள். ஜன்னல்கள் இரண்டு. இரண்டிலும் வெளியிலிருந்து ஆணி அறையப்பட்டிருந்தது. புத்தம் புது ஆணிகள்!

பின்சுவரை ஒட்டி ஒரு டீசல் ஜெனரேட்டர். தொட்டாள். சூடு. அதன் புகைக்குழாய் நேராகச் சுவரின் மேல் ஓட்டையைப் பார்த்து நின்றது. ஓட்டையைச் சுற்றிக் கரி அப்பியிருந்தது.

"கரன்ட் எப்போ போச்சு?"

"எட்டு மணிக்குங்க" என்றார் பின்னாலேயே வந்த விஜயகுமார். "பத்தேகாலுக்குத்தான் வந்துச்சு."

"ஜெனரேட்டரை ஏன் இங்க வெச்சீங்க?"

"அந்தப் பக்கம் காட்டேஜ் இருக்குதுங்க. டூரிஸ்ட்டுங்க தூங்கறப்ப சத்தம் கேக்கும்னு..."

"ஜன்னல்ல ஆணி?"

"பனி உள்ள வருதுன்னு..."

"குழந்தைங்க அழற சத்தம் அவங்களுக்குக் கேட்கக் கூடாதுன்னா?"

விஜயகுமார் மஃப்ளரை இழுத்து இறுக்கிக் கொண்டார்.

வெளியூர்க்காரன் தூங்க வேண்டும் என்பதற்காக, பழம் பறிப்பவள் பெற்ற பிள்ளையைப் பெட்டியில் அடைத்து மூடியிருக்கிறான் இந்த மனிதன். புவனேஸ்வரிக்குக் கை பரபரத்தது. லத்தியை இறுக்கிப் பிடித்து அடக்கிக் கொண்டாள்.

"புகை உள்ளே போகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"இந்தப் புகை உள்ள போகாதுங்க மேடம். காத்தோட போயிடும். கரிச்சட்டிதான் காரணம்."

அவள் செல்போன் அதிர்ந்தது. மேலதிகாரி. அவர் போட்ட சத்தம் விஜயகுமாருக்கும் கேட்டது.

"புவனேஸ்வரி, ஓனர் பேசினார். ஆயா கண் முழிச்சதும் அரெஸ்ட் பண்ணிக் கேஸை முடிங்க."

"எஸ் ஸார்."

விஜயகுமார் முகத்தில் நிம்மதி வழிந்தது.

"கேட்டீங்களா? ஆயாதானாம்" என்றாள் புவனேஸ்வரி. "ஆபீஸ்ல உட்கார்ந்து உங்க ஸ்டேட்மென்ட்டை எழுதிடலாம். சிவா, நீ இங்கேயே இரு." நடந்தபடியே செல்போனில் அவனுக்கு ஏதோ தட்டி அனுப்பினாள்.

ஆபீஸில் எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. திரும்பியபோது ஜெனரேட்டரின் தடதட சத்தம் வாசல் வரை கேட்டது.

"ஏனுங்க... கரன்ட்தான் வந்துருச்சே. எதுக்கு ஓடுது?"

"நான்தான் ஓட விடச் சொன்னேன். உள்ளே வாங்க. கையெழுத்தை இங்கேயே போட்டுடலாம்."

இருவரும் நுழைந்தார்கள். சிவக்குமார் வெளியே கதவைச் சாத்தித் தாழ் போட்டான்.

கணப்புச் சட்டி அங்கே இல்லை.

"சட்டியை எடுத்தாச்சு. ஜெனரேட்டர் புகை உள்ளே வராதுன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. அப்புறமென்ன? பத்து நிமிஷம் உட்காருவோம்."

ஒரு நிமிடம். விஜயகுமார் மஃப்ளரை அவிழ்த்தார்.

இரண்டு நிமிடம். நெற்றி வியர்த்தது.

"மேடம்... நாத்தம் வருதுங்க."

"எனக்கு வரலையே."

மூன்றாவது நிமிடம். கதவை முட்டினார். தாழ் அசையவில்லை.

"தொறக்கச் சொல்லுங்க மேடம்! தல சுத்துது... மெக்கானிக் போன மாசமே சொன்னானுங்க. பைப்ப வெளிய நீட்டுங்க, ஆள் செத்துருவாங்கன்னு சொன்னான். குப்பாயியும் வந்து அழுதுச்சு, புள்ளைங்களுக்குத் தலவலின்னு. நாந்தான் வேலைய விட்டுத் தூக்கிருவேன்னு மெரட்டுனேன்..."

"சட்டி?"

"நாந்தானுங்க வெச்சேன்! ஆம்புலன்ஸ் போனதுக்கப்புறம் வெச்சேன். கதவத் தொறங்க... செத்துருவேன்..."

புவனேஸ்வரி சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்து ரெக்கார்டிங்கை நிறுத்தினாள். கதவைத் தட்டினாள். திறந்தது.

விஜயகுமார் வெளியே பாய்ந்து மண்ணில் மண்டியிட்டு மூச்சு வாங்கினார். எழுந்தார்... தள்ளாடியபடி பின்சுவர்ப் பக்கம் போனார்... உறைந்தார்.

அங்கே ஜெனரேட்டர் இல்லை.

அது இருந்த இடத்தில் உள்ளங்கை அகல ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்று தடதடத்துக் கொண்டிருந்தது.

"ஜெனரேட்டரை நம்ம ஸ்டேஷன் வேன்ல ஏத்தி அனுப்பி அரை மணி நேரமாச்சு மேடம்" என்றான் சிவக்குமார், தன் செல்போனில் அந்தச் சத்தத்தை நிறுத்தியபடி. "ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஓட விட்டு ரெக்கார்ட் பண்ணிட்டேன். ஸ்பீக்கர் காட்டேஜ் ஆளுங்களோடது, திருப்பிக் குடுக்கணும். அப்புறம்... ராணி பேசுச்சுங்க. பாப்பா கண்ணு முழிச்சிருச்சாம்."

புவனேஸ்வரி முகத்தை ஒரு கணம் திருப்பிக் கொண்டாள். பிறகு விலங்கை எடுத்தாள்.

"அப்ப... உள்ள நான் இழுத்தது?" என்றார் விஜயகுமார்.

"சுத்தமான ஏற்காட்டுக் காத்து. உங்க கெஸ்ட்டுங்க காசு குடுத்து வாங்கறது... உங்களுக்கு மட்டும் ஃப்ரீ."