எந்த எவன்ஸ்?

"பூட்ட உடைச்சா எவ்வளவு தண்டனைன்னு போட்ட புஸ்தகம் ஏதாவது வண்டியில இருக்கா?"

எங்கள் ஊர் நான்ட்கெலினுக்கு நூலக வண்டி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு வரும். அன்று அது நின்று படிக்கட்டை இறக்குவதற்குள் மென்னா தன் மூன்று சக்கர மின்வண்டியைக் கொண்டுவந்து குறுக்கே நிறுத்திவிட்டாள். எங்கள் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி அவள். காலில் பலம் போய் ஆறு வருடம் ஆகிறது. வாயின் பலத்துக்கு ஒன்றும் குறைவில்லை.

நூலகர் எலூனெட் அவசரப்படவில்லை. அறுபத்திரண்டு வயதில் அவர் எதற்கும் அவசரப்படுவதில்லை. கையிலிருந்த புத்தகக் கட்டை வைத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தார். வேல்ஸின் இந்த மலைப்பக்கத்து ஊர்களில் காணாமல் போன செம்மறிக் கிடாய் முதல் மாற்றி எழுதிய உயில் வரை பல சங்கதிகளை அவர் உட்கார்ந்த இடத்திலேயே கண்டுபிடித்திருக்கிறார்.

"எந்தப் பூட்டு?" என்றார்.

"ஆத்தங்கரைப் பாதைக் கதவுல அந்த ஹாடோ போட்ட பூட்டு. வியாழக்கிழமை ஊர் மன்றம் நம்ம வழக்க வாபஸ் வாங்கப் போவுதாம். அப்புறம் அது எப்பவும் பூட்டுதான்!"

ஆற்றங்கரைப் பாதை மென்னாவின் வீட்டையும் பள்ளியையும் கடையையும் இணைக்கிறது. அதை விட்டால் மலைச்சாலைதான். கல்குவாரி லாரிகள் உரசிக்கொண்டு போகும் செங்குத்துச் சாலை அது. மென்னாவின் வண்டி அதில் ஏறாது. பூட்டு விழுந்த மூன்று வாரமாக யாராவது காரில் தூக்கிப்போய் விடுகிறார்கள். இப்படியே போனால் வேலையையும் வீட்டையும் விட்டு டவுனுக்குக் குடிபோக வேண்டியதுதான்.

பாதை ஹெண்ட்ரே பண்ணை வழியாகப் போகிறது. அதன் சொந்தக்காரர் கிழவர் க்விலிம் போன வருடம் இறந்தபின் அதை விலைக்கு வாங்கியவர் ஹாடோ. அங்கே விடுமுறை முகாம் போடப் போகிறார். ஊர் மன்றம் பாதைக்கு உரிமை கோரி மாவட்டத்துக்கு எழுதியது. சட்டம் எங்கள் பக்கம்தான். இருபது வருடம் யாரையும் கேட்காமல், யாரும் தடுக்காமல் ஊரார் நடந்த பாதை ஊர்ப்பாதை ஆகிவிடும். அனுமதி கேட்டு நடந்திருந்தால் மட்டும் அது உரிமை அல்ல, தயவு.

"அந்தப் பூட்டுக்கு ஆதாரம்னு ஒரு நோட்டுப்புத்தகம் கிளம்பியிருக்கு" என்றாள் மென்னா. "க்விலிமோட மேசையில இருந்துச்சாம். ரெண்டாயிரத்தி அஞ்சுல இருந்து ஒம்பது வரைக்கும் யார் யார் அனுமதி கேட்டாங்கன்னு தேதி போட்டு எழுதி வெச்சிருக்காராம். என் பேரும் இருக்கு. நான் கட்டின புருஷன்கிட்டயே அனுமதி கேட்டதில்ல, எலூனெட். அந்தக் கிழவன்கிட்டயா கேப்பேன்?"

எலூனெட்டின் பின்னால் ஒரு தலை நீண்டது. வண்டி ஓட்டும் டெக்வின். வண்டியிலுள்ள துப்பறியும் கதைகள் அத்தனையையும் இரண்டு முறை படித்தவர். ஐம்பத்தைந்து வயதிலும் ஒரு கொலையாவது கையில் கிடைக்காதா என்று ஏங்குகிறவர்.

"போலி!" என்றார் டெக்வின். "மைய மோந்து பாத்தாப் போதும், சொல்லிடுவேன்."

"நீ மோந்துதானே போன மாசம் டீசல் வண்டிக்குப் பெட்ரோல் போட்ட" என்றார் எலூனெட். "மென்னா, நகல் இருக்கா?"

மன்றத்தின் எழுத்தர் ஹெல்வென் ரகசியமாகக் கொடுத்த ஒரு பக்க நகலை மென்னா நீட்டினாள். பெரிய பெரிய எழுத்தில் இப்படி இருந்தது:

12 மார்ச் 2006. மென்னாவும் பனி எவன்ஸும் பாதையில் போக அனுமதி கேட்டனர். கொடுத்தேன்.

3 ஜூன் 2006. ரொட்டி எவன்ஸ் மீன்பிடிக்கப் போக அனுமதி கேட்டார். கொடுத்தேன்.

எங்கள் ஊரில் எவன்ஸ் என்று கூப்பிட்டால் பதினோரு பேர் திரும்புவார்கள். அதனால் பட்டப்பெயர் இல்லாமல் இங்கே யாரும் பிழைக்க முடியாது. ரொட்டி எவன்ஸ், தபால் எவன்ஸ், சவப்பெட்டி எவன்ஸ். க்விலிமும் அப்படித்தான் எழுதியிருப்பார் என்று யாருக்கும் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது, அதுதான் வெட்கக்கேடு.

அந்த நேரம் பார்த்துப் பனி எவன்ஸே புத்தகம் திருப்ப வந்தார். எழுபது வயது, ட்ராக்டர் மாதிரி குரல்.

"நானும் அனுமதி கேட்டேனாமே! அந்தாளோட நான் பேசினதே வருஷத்துக்கு ரெண்டு வார்த்தை. 'ஆடு', 'ஓட்டு', அவ்வளவுதான்." மென்னாவைப் பார்த்துக் குரலை இறக்கினார். "நீ கவலைப்படாத கண்ணு. உன் மக எய்ராவுக்கு நேத்து பதிமூணு முடிஞ்சுதாமே? ஊரே பனியில பொதைஞ்சு கெடந்தப்ப உன்னை ட்ராக்டர்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனவன் நான். இந்தப் பூட்டு என்ன பெரிய பூட்டு?"

"டிசம்பர்ல பொறந்தவளுக்கு மே மாசம் எப்படி முடியும்? அது அஞ்சு மாசம் ஆச்சு" என்றாள் மென்னா. சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

எலூனெட் சிரிக்கவில்லை. நகலை ஒருமுறை பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பழைய அட்டைப்பெட்டியைத் திறந்தார். கணினி வந்த பிறகும் வாசகர் அட்டைகளை அவர் தூக்கிப் போடவில்லை. 'எ' வரிசையில் ஓர் அட்டையை எடுத்துப் பார்த்து, கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"மென்னா, பூட்டத் தொடாத. வியாழக்கிழமை கூட்டத்துக்கு வா. டெக்வின், நாம ஹெல்வெனைப் பாத்துட்டுப் போவோம்."

ஹெல்வென் மன்ற அலமாரியைத் திறந்து மூல நோட்டுப்புத்தகத்தைக் காட்டினார். டெக்வின் அதை வெளிச்சத்தில் பிடித்தார், தடவினார், மோந்தும் பார்த்தார். தாள் பழையது. அட்டையில் பெயர் போட்டிருந்த தீவனக் கடை மூடி பதினாறு வருடம் ஆகிறது.

"நெசமான நோட்டுதான் அம்மணி" என்றார், முகம் தொங்கிப்போய். "எழுத்தும் க்விலிமோடதுதான். இந்தா, அவர் மன்றத்துக்கு எழுதின புகார்க் கடுதாசி. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"ரொம்ப ஒண்ணா இருக்கு" என்றார் எலூனெட். "ஹெல்வென், இந்தக் கடுதாசியெல்லாம் எப்பவும் இந்த அலமாரியிலதானா?"

"எப்பவும். சாவி ரெண்டு. ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு தலைவர்கிட்ட."

"பழைய கூட்டக் குறிப்பெல்லாம் நீங்க எழுதினதா?"

"முப்பது வருஷமா எழுதறேன். ஒருத்தரும் படிக்கறதில்ல."

"வியாழக்கிழமை படிப்பாங்க" என்றார் எலூனெட்.

வியாழக்கிழமை ஏழு மணிக்கு ஊர்க்கூடம் நிரம்பிவிட்டது. மே மாதத்து வெளிச்சம் இன்னும் ஜன்னலில் இருந்தது. முன்வரிசைக்கு முன்னால் மென்னா தன் வண்டியை நிறுத்தி, யார் சொல்லியும் நகரவில்லை. மேடையில் மன்றத் தலைவர் மெய்ரிக் வான். வாலிபத்தில் பர்மிங்காம் போய், இருபத்தைந்து வருடம் வியாபாரம் செய்து, 2013-ல் ஊர் திரும்பியவர். எந்தக் கூட்டத்திலும் தன் கொள்ளுத்தாத்தா இந்த ஊர் மண் என்று சொல்லாமல் உட்காரமாட்டார். அவர் வயல் ஹெண்ட்ரேயை ஒட்டி இருக்கிறது. முகாமுக்குப் போகும் சாலை அதன் வழியாகத்தான் வரப்போகிறது.

"எனக்கும் வருத்தம்தான்" என்றார் வான். "ஆனா ஆதாரம் ஆதாரம்தானே? தோக்கப்போற வழக்கை இழுத்து ஊர் மானத்தக் கெடுக்க வேணாம். வாபஸ் வாங்கிடலாம்."

"ஊர் மானம் என் கால்ல இல்ல, உங்க நாக்குலதான் கெடுது!" என்றாள் மென்னா. கூடம் ஆரவாரித்தது.

எலூனெட் எழுந்தார். "தலைவரே, ஒரு சின்ன சந்தேகம். 2006 மார்ச் பன்னெண்டாம் தேதிக் குறிப்பை உரக்கப் படிக்க முடியுமா?"

வான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "மென்னாவும் பனி எவன்ஸும் பாதையில் போக அனுமதி கேட்டனர். கொடுத்தேன்."

"நன்றி. மிஸ்டர் ஹாடோ, இந்தக் கூடத்துல பனி எவன்ஸ் யாரு?"

கடைசி வரிசையில் இருந்த ஹாடோ கழுத்தை நீட்டிச் சுற்றிலும் பார்த்தார். "எனக்கு எப்படித் தெரியும்? நான் வந்து எட்டு மாசம்தான் ஆவுது."

"பக்கத்துல உக்காந்திருக்காரு" என்றார் எலூனெட். கூடம் சிரித்தது. "ஆக இதை எழுதினது நீங்க இல்ல. எழுதினவருக்கு எங்க பட்டப்பேரெல்லாம் அத்துப்படி."

"அதான், க்விலிம் எழுதினது!" என்றார் வான்.

"அப்படியா? இத்வால் எவன்ஸ், உங்களை எப்பத்திலேர்ந்து பனின்னு கூப்பிடறாங்க?"

பனி எவன்ஸ் எழுந்தார். வாயைத் திறந்தவர் திறந்தபடியே நின்றார். அவர் முகத்தில் அது மெல்ல விடிவதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

"அட கடவுளே" என்றார். "அந்தப் பெரிய பனிக்கு அப்புறம்தானே? மென்னாவ ட்ராக்டர்ல கொண்டு போனேனே, அன்னைலேர்ந்து. அதுக்கு முன்னாடி நான் முட்டை எவன்ஸ் இல்ல?"

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பதின்மூன்று வருடம் வாய்க்குப் பழகிப்போன பெயர். நகலைப் படித்தவர்களில் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை. சம்பந்தப்பட்ட மனிதருக்கே உறுத்தவில்லை.

எலூனெட் கைப்பையிலிருந்து அட்டையை எடுத்தார். "வாசகர் அட்டை. பதினோரு எவன்ஸ் இருக்கறதால பட்டப்பேர் போட்டுத்தான் எழுதுவேன். இதுல 'முட்டை'ய அடிச்சுட்டு 'பனி'ன்னு என் கையால எழுதியிருக்கேன். தேதி 2011 ஜனவரி பதினொண்ணு."

"லைப்ரரி அட்டையெல்லாம் ஒரு ஆதாரமா?" என்று வான் சீறினார். "அதுக்கு முன்னாடியே ஊர்ல அப்படிக் கூப்பிட்டிருக்கலாம்!"

"இருக்கலாம். ஹெல்வென், நீங்க படிங்க."

ஹெல்வென் தடித்த குறிப்பேட்டைத் திறந்தார். முப்பது வருடத்தில் முதல் முறையாக ஒரு கூட்டம் முழுக்க அவர் வாயைப் பார்த்துக் காத்திருந்தது.

"2011 ஜனவரி ஆறு. தீர்மானம் நாலு. டிசம்பர் பனியில் சாலையைத் திறந்த இத்வால் எவன்ஸுக்கு மன்றம் நன்றி கூறுகிறது. இனி அவரை முட்டை என்று அழைப்பது மரியாதை ஆகாது எனவும், பனி என்று அழைப்பதே தகும் எனவும் மன்றம் கருதுகிறது. முன்மொழிந்தவர்," ஹெல்வென் நிறுத்தி நிமிர்ந்தார், "ஹெண்ட்ரே க்விலிம்."

சிரிப்பில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டெக்வின் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். "பேரு வெச்ச மனுஷனே அஞ்சு வருஷம் முன்கூட்டி எழுதி வெச்சாராக்கும்!"

"எறங்கு டெக்வின், நாற்காலி ஊர்ச்சொத்து" என்றார் எலூனெட். குரல் மாறாமல் மேலே சொன்னார். "எழுதினவருக்கு இன்னைக்குப் பட்டப்பேர் தெரியும். அன்னைக்குப் பட்டப்பேர் தெரியாது. படிக்கறப்ப நமக்கு உறுத்தல, ஆனா அந்த வருஷத்த யோசிச்சு எழுதினா நமக்கு முட்டைன்னுதான் வரும். அதனால 2011-க்கு அப்புறம் ஊருக்கு வந்தவர். க்விலிமோட எழுத்தப் பாத்து எழுத, அவரோட கடுதாசிங்க கைக்கு வேணும். அது இருக்கற அலமாரிக்கு ரெண்டே சாவி. ஒண்ணு வெச்சிருக்கற ஹெல்வென் இந்தத் தீர்மானத்தையே எழுதினவங்க. அவங்க இந்தத் தப்பப் பண்ணமாட்டாங்க."

மற்றச் சாவியின் பெயரை அவர் சொல்லவில்லை. எல்லாத் தலைகளும் மேடைப் பக்கம் திரும்பின.

வான் எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. "என் கொள்ளுத்தாத்தா இந்த ஊர் மண்ணு..." என்று தொடங்கினார்.

"அவருக்குத் தெரிஞ்சிருக்கும், முட்டை யாருன்னு" என்றாள் மென்னா.

அவர் உட்கார்ந்துவிட்டார். "முகாம் வந்தா நாலு பேருக்கு வேலை கெடைக்கும்னுதான்..." என்று முணுமுணுத்தார். பழைய நோட்டு தன் தகப்பனார் வீட்டுப் பரணில் கிடந்தது என்பதும், அதை ஹெண்ட்ரே மேசையில் எடுத்ததாகச் சொன்னது தான்தான் என்பதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தன. துணைத்தலைவர் தலைவரின் நாற்காலிக்கு மாறினார். வழக்கை வாபஸ் வாங்குவதா என்று கேட்டபோது ஒரு கைகூட உயரவில்லை. தொடர்ந்து நடத்துவதா என்று கேட்டபோது ஓட்டில்லாதவர்களும் கை தூக்கினார்கள்.

அப்போது ஹாடோ எழுந்து முன்னே வந்தார். முகம் சிவந்திருந்தது.

"அந்த நோட்டு நெசம்னு நம்பித்தான் பூட்டினேன்" என்றார். "என்னையும் ஏமாத்திட்டாரு. மாவட்டம் முடிவு சொல்லட்டும், நான் வழக்காடுறதா வேணாமான்னு அப்புறம் பாக்கறேன். அதுவரைக்கும் இந்தாங்கம்மா, சாவி. உங்களுக்கு எப்ப வேணுமோ தொறந்து போய்க்கங்க."

கூடத்தில் நாலைந்து பேர் கைதட்டினார்கள். டெக்வின் முதலில் தட்டினார். எலூனெட் தட்டவில்லை, மென்னாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மென்னா சாவியைப் பார்த்தாள். மூன்று வாரமாக அந்தப் பூட்டை உடைப்பதைத் தவிர வேறு நினைப்பில்லாதவள் அவள். கையை மடியிலிருந்து எடுக்கவே இல்லை.

"வேணாம்" என்றாள்.

ஹாடோவுக்குப் புரியவில்லை. "எடுத்துக்கங்கம்மா. நான் மனசாரத்தான் கொடுக்கறேன்."

"அதனாலதான் வேணாம். நீங்க கொடுத்து நான் வாங்கினா, அது நீங்க குடுத்த அனுமதி. அப்புறம் நாளைக்கு நீங்களே ஒரு நோட்டு போடுவீங்க. 'மென்னா கேட்டாள், கொடுத்தேன்'னு. பூட்டினது நீங்க, கழட்டறதும் நீங்கதான். நாளைக்குக் காலையில ஏழரைக்கு நான் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். அந்தப் பாதையிலதான் போவேன். யாரையும் கேக்க மாட்டேன்."

ஹாடோ சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பூட்டைக் கழற்றக் கிளம்பினார். வாசல்வரை கூட்டம் வழிவிட்டது.

"மிஸ்டர் ஹாடோ!" என்று மென்னா பின்னாலிருந்து கூப்பிட்டாள். அவர் திரும்பினார்.

"நன்றின்னு மட்டும் எதிர்பாக்காதீங்க. அதச் சொன்னாலும் அனுமதி வாங்கின மாதிரிதான் ஆகும்."