தொண்ணூறு மில்லி பழி

டெலிபோன் அடித்தபோது சலவை அறை மெஷினுக்குள் இருபத்திரண்டு ஜெர்ஸிகள் சுற்றிக்கொண்டிருந்தன.

காலை ஏழு மணி பத்து நிமிஷம்.

எடுத்தவருக்கு அறுபது வயது. அந்தக் கால்பந்து கிளப்பில் முப்பது வருஷமாக உடுப்பு பார்ப்பவர். ஜெர்ஸி துவைப்பது, பூட்ஸ் துடைப்பது, ஆட்டத்துக்கு முன் கணுக்காலுக்கு டேப் சுற்றிவிடுவது... எல்லாம் அவர் கை. கோச்சில் ஆரம்பித்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் ‘சித்தப்பா’.

பேசியவர் ஒரு இன்ஸ்பெக்டர்.

“உங்க பையன் ஓட்டிட்டு வந்த கார் பாலத்துத் தூண்ல மோதிடுச்சுங்க. ஆஸ்பத்திரி வரைக்கும் நீங்க வரணும்.”

“உயிர்...?”

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். அதுவே பதில்.

பிணவறையில் முகத்தைக் காட்டத் தயங்கினார்கள். சித்தப்பா காலைக் காட்டச் சொன்னார்.

இடது கால்.

பல்லாயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டிய கால். பெருவிரலில் ஒரு சீட்டு கட்டியிருந்தது.

“என் புள்ளதான்,” என்றார்.

நான்கு நாள் கழித்து இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்தார். பையனின் ரத்தத்தில் போதையோ மதுவோ ஒரு சொட்டுகூட இல்லை என்று ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டினார். விபத்து என்றுதான் எழுதப்போவதாகவும் சொன்னார். வாசல் வரை போனவர் திரும்பி, குரலைத் தாழ்த்தினார்.

“ரோட்டுல பிரேக் பிடிச்ச தடமே இல்லீங்க.”

சித்தப்பா தலையசைத்தார். அது விபத்தில்லை என்று அவருக்கு முன்பே தெரியும்.

* * *

பையனை ரசிகர்கள் ‘சிட்டு’ என்பார்கள். இருபத்திரண்டு வயது. இடது ஓரத்தில் பந்து அவன் காலுக்கு வந்துவிட்டால், எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் கோல் போஸ்ட் பக்கத்தில் நிற்பான். அடுத்த சீசனில் கேப்டன் பட்டை அவன் கைக்குத்தான் என்று கிளப்பில் முணுமுணுப்பு ஓடியது.

அந்த முணுமுணுப்பு கேப்டன் காதிலும் விழுந்தது.

அதற்குப் பிறகு வந்த ஒரு சனிக்கிழமை, ஆட்டம் முடிந்ததும் சிட்டுவைச் சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள்.

கொக்கெய்ன்!

விளையாட்டுச் சங்கத்தின் சட்டத்தில் ஒரு சந்து உண்டு. ஆட்டம் இல்லாத நாளில், ஏதோ விருந்தில், விளையாட்டுக்குச் சம்பந்தமில்லாமல் எடுத்தது என்று நிரூபித்தால் மூன்று மாதத் தடையோடு போகும். நிரூபிக்காவிட்டால் நான்கு வருஷம். ஓட்டத்தை நம்பிப் பிழைப்பவனுக்கு நான்கு வருஷம் என்பது ஆயுள் தண்டனை.

சிட்டு விசாரணையில் உள்ளதைச் சொன்னான். வியாழக்கிழமை மத்தியானம் கேப்டன் வீட்டில் விருந்து. பொடி வைத்த தட்டை நீட்டியதே கேப்டன்தான். வேண்டாம் என்றதற்கு, சனிக்கிழமைக்குள் உடம்பை விட்டுப் போய்விடும் என்று முதுகில் தட்டினான். வாழ்க்கையில் அந்த ஒரே தடவை.

கேப்டனை அழைத்துக் கேட்டார்கள்.

கேப்டன் கண்களைத் துடைத்துக்கொண்டான்.

“என் வீட்டுல விருந்தே நடக்கல. அவன் எனக்குத் தம்பி மாதிரி. ரொம்ப நாளா இதை விடச் சொல்லிக் கெஞ்சிட்டிருந்தேன்... கேக்கல.”

நான்கு வருஷம்!

சங்கம் நம்பியது. பத்திரிகைகள் நம்பின. கொடுமை என்னவென்றால், சித்தப்பாவும் நம்பினார். பத்து வருஷமாகப் பார்த்த கேப்டன். பொய் சொல்ல அவனுக்கு என்ன தேவை? வெளியே கார் நிறுத்துமிடத்தில், பத்துப் பேர் பார்க்க, மகனின் கன்னத்தில் அறைந்தார்.

“பண்றதையும் பண்ணிட்டு அடுத்தவன் தலையில போடுறியா?”

“என் மூஞ்சியப் பாத்து சொல்லுங்கப்பா. நான் பொய் சொல்றேன்னு.”

அவர் பார்க்கவில்லை.

மூன்று மாதம் அப்பாவும் பிள்ளையும் ஒரே வீட்டில் பேசாமல் இருந்தார்கள். பிறகு பாலம். தூண்.

காரியங்கள் முடிந்த வீட்டில் கேப்டன் அவரைக் கட்டிக்கொண்டு அழுதான். அவர் வேலைக்கு எந்த ஆபத்தும் வராமல் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். “இனிமே நான்தான் சித்தப்பா உங்க புள்ள,” என்றான்.

சித்தப்பா அவன் தோளில் சாய்ந்து அழுதார். பிற்பாடு அதை நினைக்கும்போதெல்லாம் எழுந்து போய் முகத்தைக் கழுவினார்.

* * *

எட்டு மாதம் கழித்து ஒரு காலை, சலவை அறைக் கதவருகே பிசியோதெரபிஸ்ட் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயதுப் பெண். கிளப்பில் தசைப் பிடிப்பெல்லாம் அவள் விரல்களுக்குத்தான் அடங்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

“சித்தப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாம என்னால தூங்க முடியல.”

அவர் மெஷினை நிறுத்தினார்.

அந்த வியாழக்கிழமை அவளும் கேப்டன் வீட்டில் இருந்திருக்கிறாள். சிட்டு சொன்னது ஒவ்வொரு எழுத்தும் நிஜம். தட்டை நீட்டியது கேப்டன். அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. மறுநாள் கேப்டன் மசாஜ் மேஜையில் குப்புறப் படுத்துக்கொண்டு போனில் பேசினான். தன் பேரைச் சொல்லாமல் சங்கத்துக்குத் தகவல் கொடுத்தான். சனிக்கிழமை சிட்டுவைச் சோதித்துப் பார்க்கச் சொன்னான். அவள் அவனுடைய முதுகை அமுக்கிக்கொண்டிருந்தாள். அவளை அவன் ஆளாகவே மதிக்கவில்லை.

சித்தப்பா மெஷின் கதவைத் திறந்து, மறுபடி மூடினார்.

“இதைச் சங்கத்துல வந்து சொல்லுவியாம்மா?”

அவள் தலை குனிந்தாள். புருஷனுக்கும் இதே கிளப்பில் வேலை. இரண்டு பெண் குழந்தைகள். சாட்சி சொன்ன மறுநாள் நாலு பேரும் நடுத்தெருவில்.

“சரி... நீ போம்மா. நீ சொன்னதே போதும்.”

அவள் போனதும் கதவைத் தாழிட்டார். அறைந்த வலது கையை ஒருமுறை பார்த்தார். அதைச் சுவரில் ஓங்கிக் குத்தினார். மறுபடி. மறுபடி. விரல் முட்டி பெயர்ந்து, துவைத்து வைத்திருந்த வெள்ளை டவலில் ரத்தம் தெறித்தது.

பிறகு நிதானமாக உட்கார்ந்து யோசித்தார்.

கொல்வதா?

சே! கொன்றால் ஊரே திரண்டு அவனுக்கு மாலை போடும். ஸ்டேடியத்தில் சிலை வைப்பார்கள். இவன் உயிரோடு இருக்க வேண்டும். நான்கு வருஷம் என்றால் எவ்வளவு நீளம் என்று இவன் எண்ணிப் பார்க்க வேண்டும். அதுவும்... சட்டப்படி!

* * *

கேப்டன் முன்பு போல் இல்லை. விருந்துக்கு மட்டும் என்றிருந்தது வாரத்துக்கு மூன்று தடவையாகியிருந்தது. பயிற்சியின்போது மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகியது. பரிசோதனைக்காரர்களைப் பார்த்தாலே முகம் வெளுத்தது.

சித்தப்பா அவனைத் தனியாகப் பிடித்தார்.

“தம்பி, எனக்கு எல்லாம் தெரியும். மூக்கை மறைக்காத.”

கேப்டன் விறைத்தான்.

“பயப்படாத. அந்த எழவு என் புள்ளையத் தின்னது போதும். இன்னொரு புள்ளையையும் கொடுக்க நான் தயாரா இல்ல. என்கிட்ட குடி இல்ல, சிகரெட் இல்ல, காபிகூட இல்ல. சோதனைக்குக் கூப்பிட்டா என்னோடதைக் கொண்டு போ.”

கேப்டன் அவரையே உற்றுப் பார்த்தான். அந்த முகத்தில் கிழவனின் பாசம் தவிர எதுவும் தெரியவில்லை. முப்பது வருஷம் ஆட்டக்காரர்களோடு இருந்தவருக்கு முகத்தில் எதையும் காட்டாமலிருக்கத் தெரியும்.

ஏற்பாடு எளிது. சிறிய பிளாஸ்டிக் பை. அதில் தொண்ணூறு மில்லி. சோதனைக்கு அவ்வளவுதான் தேவை. ஆட்டம் முடிந்து கூப்பிட்டதும், குளிக்கிற சாக்கில் கேப்டன் சலவை அறைக்குள் வருவான். வெந்நீரில் போட்டுச் சூடு ஆறாமல் வைத்திருந்த பையைச் சித்தப்பாவே அவன் தொடையில் டேப் போட்டுச் சுற்றிவிடுவார். சோதனை அதிகாரி கண்கொட்டாமல் பார்க்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் பெரிய நட்சத்திரத்தின் முன்னால் அந்த மனிதருக்குக் கூச்சம். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்.

முதல் தடவை, சுத்தம் என்று முடிவு வந்தது.

இரண்டாவது தடவையும் சுத்தம்!

“நீங்க மனுஷனே இல்ல சித்தப்பா, தெய்வம்,” என்றான் கேப்டன். அதற்குப் பிறகு பைக்குள் என்ன இருக்கிறது என்று அவன் யோசிக்கவே இல்லை.

மூன்றாவது தடவை இறுதி ஆட்டம். கேப்டன் இரண்டு கோல் போட்டான். கோப்பையைத் தூக்கினான். கூப்பிட்டார்கள். சித்தப்பா டேப் சுற்றினார். அன்றைக்கு டேப் இரண்டு தடவை நழுவிக் கீழே விழுந்தது.

“என்ன சித்தப்பா, உடம்பு சரியில்லையா? கண்ணெல்லாம் சிவந்திருக்கு.”

“சந்தோஷம்ப்பா. நீ போ.”

* * *

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது.

கொக்கெய்ன்!

கேப்டன் நேராகச் சலவை அறைக்கு ஓடி வந்தான். சித்தப்பா துண்டு மடித்துக்கொண்டிருந்தார். தானும் கேள்விப்பட்டதாகவும், லேபில் எங்கேயோ பாட்டில் மாறியிருக்கும் என்றும், நல்ல வக்கீலாகப் பார்த்து மரபணுச் சோதனை கேட்கச் சொல்வது நல்லது என்றும் சொன்னார். கேப்டனின் முகம் தெளிந்தது. ஆமாம்... அது தன் சிறுநீர் இல்லவே இல்லையே! ஒரே சோதனையில் நிரூபித்துவிடலாமே!

விசாரணைக்குத் தலைமை வகித்தது ஓய்வு பெற்ற பெண் நீதிபதி. சிட்டுவுக்கு நான்கு வருஷம் போட்டதும் அவர்தான். கேப்டனின் வக்கீல் மரபணு அறிக்கையை மேஜையில் வைத்தார். பாட்டிலில் இருந்தது கேப்டனுடையது அல்ல. வேறு ஒரு ஆணுடையது.

கேப்டன் சாய்ந்து உட்கார்ந்து புன்னகைத்தான்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

“பாட்டிலுக்குச் சீல் வெச்சது உங்க கண்ணு முன்னாடி. கையெழுத்துப் போட்டது நீங்க. லேப்ல பிரிக்கிற வரைக்கும் சீல் உடையல. அப்போ உள்ள போகும்போதே அது வேறொருத்தரோடதுதான். சோதனையை ஏமாத்துறது போதையைவிடப் பெரிய குத்தம்னு உங்க வக்கீல் சொல்லலையா?”

புன்னகை அப்படியே உறைந்தது.

வக்கீல் அவன் கையைப் பிடித்து இழுத்தார். அதற்குள் கேப்டன் எழுந்துவிட்டான். வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவைத் திறந்திருந்த கதவு வழியாகக் கைநீட்டிக் காட்டினான்.

“அந்தக் கிழவன்தான்! பையில போட்டுக் கொடுத்தது அவன்தான்! மகனுக்காகப் பழி வாங்குறான்! நான் அவன் புள்ளைக்கு ஒரே ஒரு தடவைதான் கொடுத்தேன்... அதுவும் என் வீட்டுல, விருந்துல!”

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

நீதிபதி சுருக்கெழுத்துக்காரரைப் பார்த்தார். “கடைசி வரியையும் எழுதிக்கிட்டீங்களா?”

எழுதியிருந்தார்.

சித்தப்பாவை உள்ளே அழைத்தார்கள். அவர் எதையும் மறுக்கவில்லை. பை தன்னுடையது. உள்ளே இருந்ததும் தன்னுடையது. இறுதி ஆட்டத்தன்று காலையில், வாழ்க்கையில் முதல் தடவையாக, மகன் செய்ததை அவரும் ஒருமுறை செய்தார். மூக்கு எரிந்தது, நெஞ்சு குதிரை மாதிரி ஓடியது, செத்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது என்றார்.

தீர்ப்பு அன்று மாலையே வந்தது. கேப்டனுக்குச் சோதனையை ஏமாற்றியதற்கு நான்கு, சிட்டுவுக்குத் தட்டை நீட்டியதற்கு நான்கு, ஆக எட்டு வருஷம். ஆட்டம் மட்டுமல்ல, பயிற்சி மைதானத்தில்கூடக் கால் வைக்கக்கூடாது. சிட்டுவின் நான்கு வருஷத்தை மூன்று மாதமாகத் திருத்தி, சங்கம் ஒரு வரி வருத்தமும் சேர்த்துக்கொண்டது. சித்தப்பாவுக்கும் நான்கு வருஷத் தடை.

அந்த ஒரு வரியைப் படிக்கக் கேட்டபோது மட்டும் அவர் கண் கலங்கியது. “அவன் மூஞ்சியப் பாத்திருக்கணும்மா நான்,” என்றார்.

நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எழுந்துகொள்வதற்கு முன், கோப்பில் ஓரிடம் நிரப்பாமல் இருப்பதைக் கவனித்தார்.

“போலீஸுக்கு அனுப்பணும். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தப் பொடியை எவன்கிட்ட வாங்கினீங்க?”

“வாங்கலம்மா. கேப்டன் தம்பி துவைக்கப் போட்ட டிராக் பேண்ட் பாக்கெட்டுல இருந்துச்சு.” சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “மெஷின்ல போட்டிருந்தா வீணாத்தானே போயிருக்கும்?”