அரை மீசைக்காரர் வீட்டு அரிசி

சனிக்கிழமை என்றால் லீலாபாய்க்குப் பிடியரிசி வேலை. சோறு வைக்கும்போதெல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். லீலா துணிப்பையோடு போய் அதை வாங்கி வருவாள். பாறசாலைக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்னக் கிறிஸ்தவச் சபையில் அப்படித்தான் வழக்கம்.

அன்று காலையில் சபை மூப்பர் ஈசாக் பாட்டா அவளைக் கூப்பிட்டார்.

“மக்கா, சுந்தரதாஸுக்க வீட்டுக்குப் போவண்டாம். அவனுக்க அரிசி நமக்கு வேண்டாம்.”

பிடியரிசி வாங்காத வீடு என்றால் ஒதுக்கி வைத்த வீடு. அங்கே ஒருவரும் போகமாட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளையோடு விளையாடவும் விடமாட்டார்கள். சுந்தரதாஸின் மகள் சரோஜம்தான் லீலாவின் ஒரே கூட்டுக்காரி.

சுந்தரதாஸ் பெரிய நாடக நடிகர். அவர் ராஜா வேஷம் கட்டினால் காஞ்சிரங்குளத்திலிருந்துகூட ஆட்கள் நடந்து வருவார்கள். கொஞ்சம் ஒரு மாதிரியான மனிதர். நிலா வெளிச்சத்தில் குடை பிடித்துப் போவார். கேட்டால், “நிலாவும் சுடும், உங்களுக்குத் தெரியல்ல” என்பார். ஊர் சிரிக்கும், அவரும் சிரிப்பார்.

போன வாரம்தான் வினை வந்தது. எல்லைப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. தமிழ் பேசும் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்றது ஒரு பக்கம். இருக்கிறபடி மலையாளத்துப் பக்கமே இருக்கட்டும் என்றது இன்னொரு பக்கம். சந்தை முக்கில் போராட்டக்காரர்கள் கூட்டம் போட்டு, சுந்தரதாஸைப் பேசக் கூப்பிட்டார்கள். அவர் ஒரு பக்கத்து மீசையை மட்டும் மழித்துவிட்டு மேடை ஏறினார்.

“எல்லைக் கோடு போடணும்னு சொல்லுதிய. முதல்ல எனக்க மூஞ்சியில போட்டுப் பாத்தேன். எந்தப் பக்கமாச் சோறு போட்டாலும் ஒரே வயித்துக்குத்தான் போவுது. நான் ரெண்டு பாஷையிலயும் பாடுதவன். கோடு போடுத பக்கம் நிக்கமாட்டேன்.”

அவ்வளவுதான். போராட்டத்தின் பக்கம் நின்ற ஊருக்கு வேறு பேச்சே இல்லாமல் போயிற்று.

பையோடு போன லீலாவின் காதில் சாயாக்கடைப் பேச்சு விழுந்தது.

“அந்த ஆளுக்கு வட்டாக்கும், மண்டைக்குச் சுகமில்ல,” என்றார் ஒருவர்.

“அரை மீசைக்கு இனி அரைச் சாயாதான் குடுப்பேன்,” என்றார் கடைக்காரர் தங்கையன். எல்லாரும் சிரித்தார்கள்.

“அவரு சொன்னதுலயும் ஞாயம் உண்டு,” என்றார் பள்ளிக்கூடத்து மோகனன் சார். எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் பாதிச் சாயாவோடு எழுந்து போனார்.

புஷ்பபாய் அக்கா வீட்டில் வேடிக்கைப் பேச்சு இல்லை. அரிசியைப் பையில் போட்ட அக்காவின் கண் சிவந்திருந்தது.

“எனக்க தம்பி ராஜதாஸ் போராட்டத்துக்குப் போய்ப் போலீஸ்கிட்ட அடி வாங்கிக் கை ஒடிஞ்சு கிடக்கான். அந்த மனுசன் அதை மீசை வேடிக்கையாக்கிட்டாரே மக்கா.”

அரை மீசையைப் பார்த்து லீலாவும் வயிறு வலிக்கச் சிரித்திருந்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை.

சுந்தரதாஸ் வீட்டைத் தலை குனிந்து தாண்டிவிட நினைத்தாள். முடியவில்லை. சரோஜம் ஒரு சிரட்டை நிறைய அரிசியோடு வாசலில் நின்றாள்.

“நீ வரமாட்டியோன்னு நெனைச்சேன்.”

லீலா நின்றாள். உள்ளேயிருந்து சுந்தரதாஸ் வந்தார்.

“வாங்காத மக்கா. உன்னை ஏசுவாவ.”

“ஏசட்டும் மாமா. ஒரு காரியம் சொன்னாக் கோவப்படுவியளா?”

“சொல்லு.”

ராஜதாஸின் கையைப் பற்றியும் அக்காவின் கண்ணைப் பற்றியும் லீலா சொன்னாள். சுந்தரதாஸ் மீசை இல்லாத பக்கத்தைத் தடவிக்கொண்டார்.

“கை ஒடிஞ்சதா? எனக்குத் தெரியாதே,” என்றார்.

லீலா பையை விரித்தாள். சரோஜம் அரிசியைக் கொட்டினாள். உடனே லீலா பையை மேலும் கீழுமாகப் போட்டுக் குலுக்கினாள்.

“என்னத்துக்குக் குலுக்குத?” என்று கேட்டாள் சரோஜம்.

“சும்மா.”

சாயங்காலம் கோயிலில் அரிசியைப் பாயில் கொட்டினார்கள். கல் பொறுக்கப் புஷ்பபாய் அக்கா சுளவு என்கிற முறத்தோடு வந்திருந்தாள்.

“அந்த வீட்டுக்குப் போனியா?” என்று கேட்டார் ஈசாக் பாட்டா.

“போனேன் பாட்டா. அரிசியும் வாங்கினேன்.”

“எனக்க பேச்சுக்கு அவ்வளவுதான் மதிப்பா? கொண்டுபோய்த் திருப்பிக் குடு.”

“குடுக்கேன் பாட்டா. அவிய அரிசி எதுன்னு எடுத்துத் தாரும்.”

பாட்டா குனிந்து ஒரு பிடி அள்ளினார். எல்லாம் ஒரே சிவப்பு அரிசி. விரலால் கிளறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“புஷ்பபாய், நீ சொல்லு. உனக்குத்தான் மனசு நொந்துபோச்சு.”

அக்கா பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“மத்தியானம் அவரு வீட்டுக்கு வந்தாரு பாட்டா. மிச்ச மீசையையும் எடுத்திருந்தாரு. ‘கோட்டைப் பத்திச் சொன்னது சொன்னதுதான். உனக்க கையைப் பாக்காமச் சொன்னது தப்பு’ன்னு எனக்க தம்பிகிட்ட சொன்னாரு.”

“அவன் என்ன சொன்னான்?”

“விடுவானா? ரெண்டு பேரும் கஞ்சியைக் குடிச்சிட்டு இருந்து சண்டையாக்கும். நான் வரும்போதும் முடியல்ல.”

அக்கா சுளவை எடுத்தாள்.

“தள்ளி இரியும் பாட்டா. இருட்டுக்கு முன்ன கல்லு பொறுக்கணும்.”

ஈசாக் பாட்டா கையிலிருந்த அரிசியைச் சுளவில் போட்டார். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, அவரும் கல் பொறுக்க உட்கார்ந்தார்.