நீலக்கரை வேட்டி

பிரான்சில், ரூ லூயி-பிளாங்க் தெருவில் மரக்கறியும் மீனும் விற்கிற ஒரு கடையில் பொன்னம்பலத்துக்குக் கள்ளரைப் பிடிக்கிற வேலை. வாசலோடு ஒரு முக்காலி. அதில் இருந்துகொண்டு, எவர் எதை எடுக்கிறார், எதைத் திரும்ப வைக்கிறார், எது சட்டைக்குள் போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். சனத்தின் வாயை நம்பமாட்டார், கையைத்தான் பார்ப்பார். கடைக்குக் கமரா பூட்டிய பிறகும் முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. கமராவுக்குச் சந்தேகப்படத் தெரியாது.

2018 ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு பின்னேரம், புறநகர் செவ்ரானிலிருந்து கௌரி வந்தாள். கையில் ஒரு பிரயாணப் பை. பக்கத்தில் டெலிபோன் கடை வைத்திருக்கும் அற்புதராணியும் அவளுக்குப் பின்னாலேயே வந்துவிட்டாள். எந்த வீட்டில் எது காணாமல் போனாலும் அற்புதராணிக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

"அண்ணை, என்ரை வீட்டிலை களவு போட்டுது" என்றாள் கௌரி.

"என்ன போனது?"

"இவரின்ரை வேட்டி."

அற்புதராணி சிரிக்கப் பார்த்தாள். கௌரியின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

'இவர்' என்றால் புருசன் இராஜதுரை. 2009 வைகாசியில், கடைசிச் சண்டைக்குள் சனத்தோடு சனமாகப் பிரிந்துபோனவர். வட்டுவாகலில் ஆமி ஏற்றிய பஸ்ஸில் அவர் ஏறினதைக் கண்டதாக ஊரவர் ஒருவர் சொன்னார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் கௌரி நெற்றிப் பொட்டும் கழுத்துத் தாலியுமாக இருக்கிறாள்.

"கண்டவர் முகத்தைக் கண்டவரோ?" என்று கேட்டார் பொன்னம்பலம்.

"முதுகைத்தான். மஞ்சள் கோடு போட்ட கோடன் சேர்ட். நான் வாங்கிக் குடுத்த சேர்ட் அண்ணை, வேறை ஆரிட்டையும் இல்லை."

அவள் பையைத் திறந்து காட்டினாள். புதுச் சேர்ட் ஒன்று, சவரப் பெட்டி, ஒரு நல்ல கைக்கடிகாரம். விமான நிலையத்தில் வந்து இறங்குகிறவர் உடுப்பு மாற்ற என்று அடுக்கி வைத்த பை. கடிகாரம் நின்றுபோயிருந்தது.

"பற்றரி போடேல்லையோ?"

"அவர் வந்து கட்டினாப்பிறகு ஓடட்டும் எண்டு விட்டனான். இதுக்கு மேலைதான் வேட்டி இருந்தது. நீலக்கரை. மகன் சைக்கிள் பயணம் போக முதல் பாத்தனான், இருந்தது. அவன் வந்தாப்பிறகு பாத்தன், இல்லை."

"மகன் எடுத்திருக்கலாம்."

"யதுவோ? அவனுக்கு வேட்டி கட்டவே தெரியாது. அந்த வாடகைக்கு இருக்கிறவன்தான். லோறன்ஸ். மன்னார்ப் பெடியன். மாசி மாதம் வந்தவன். நாளைக்குப் பொலிசிலை குடுக்கப்போறன்."

"அவனுக்கு விசாக் காட் இருக்கோ?"

"இல்லை. அகதிக் கேஸ் றியெக்ட்."

பொலிசுக்குப் போனால் வேட்டிக்காக அல்ல, காட் இல்லாததற்காக அவனை ஊருக்குப் பிளேன் ஏற்றுவார்கள். அங்கே இறக்கினால் பிறகு அவனைத் தேடவும் ஒரு பெண் பையோடு இருக்கவேண்டி வரும்.

"ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறு" என்றார் பொன்னம்பலம். பிறகு, வேறெதையோ நினைத்துக்கொண்டவர் போல, "உன்ரை மகன் பயணத்திலை இருக்கேக்கை ஒரு சனிக்கிழமை நீ கடைக்கு வந்தனீ. சனம் முட்டி வழிஞ்சு, வாழைக்காயும் பூசணியும் காலமையே முடிஞ்ச நாள். நீ மட்டும் பாரை மீன் வாங்கினனீ" என்றார்.

"ஓம். என்ரை வீட்டிலை மீன் இல்லாமல் இருக்காது" என்றாள் கௌரி, கொஞ்சம் வெடுக்கென்று.

அடுத்த நாள் பொன்னம்பலமும் அற்புதராணியும் செவ்ரானுக்குப் போனார்கள். கௌரியும் மகனும் வேலைக்குப் போயிருந்தார்கள். லோறன்ஸ் கதவைத் திறந்தான். ஒரு காலை இழுத்து நடக்கிறவன். குசினி மேசைக்குச் சுற்றிவர நாலு கதிரை. மூன்றில் எதில் இருந்தாலும் சுவரில் மாட்டிய இராஜதுரையின் படம் தெரியும். லோறன்ஸ் நாலாவதில் இருந்தான். அதன் முதுகுச் சாய்வு மட்டும் எண்ணெய்க் கறையேறி வழுவழுத்துக் கிடந்தது.

"நான் எடுக்கேல்லை அண்ணை" என்றான்.

பல்கனியில் மகன் யதுர்ஷனின் சைக்கிள் நின்றது. அதன் பக்கப் பைகளைப் பொன்னம்பலம் உட்புறம் வெளியே வரப் பிரட்டினார். காய்ந்த வண்டல் மா மாதிரி உதிர்ந்தது. தையல் மூலையில் கறுப்பாக நாலைந்து மணிகள்.

"எள்ளு. எள்ளுப்பாகு கட்டிக்கொண்டு போயிருப்பான்" என்றாள் அற்புதராணி உடனே.

பொன்னம்பலம் ஒரு மணியை இரண்டு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"ஒட்டேல்லை" என்றார். மிச்சத்தைக் கடதாசித் துண்டில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

யதுர்ஷனோடு பயணம் போனவன் ழாக். இரண்டு பேருக்கும் ஒரே பட்டறையில் சைக்கிள் திருத்துகிற வேலை. யதுர்ஷன் இல்லாத நேரம் பார்த்து அவனைக் கால்வாய்க் கரையில் பிடித்தார்கள். பொன்னம்பலத்துக்குத் தெரிந்த பிரெஞ்சு, கடையில் பாண் வாங்கத்தான் காணும். அற்புதராணி கேட்டுக் கேட்டுத் தமிழில் சொன்னாள்.

ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு தெற்கே போய் இறங்கி, வெஸேர் ஆற்றோடு மிதித்திருக்கிறார்கள். ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறை, மறுபக்கம் வால்நட் தோட்டம். அழகான இடம்தான். ஆனால் திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு நினைவுக்கல் நிற்கும்: 1944இல் ஜெர்மன்காரரால் சுடப்பட்டவர்கள், பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களின் பெயர்களோடு. ழாக்கின் பூட்டியின் ஊர்ப் பாலத்தடியிலும் ஒன்று. அதில் அவளுடைய மூத்த மகனின் பெயர் இருந்தது. லொறியில் ஏற்றிப் போனார்கள், உடம்பு வரவில்லை.

"யது அந்தப் பேரை விரலாலை தடவிப்போட்டு ஒரேயொரு கேள்வி கேட்டவனாம்" என்றாள் அற்புதராணி. "உடம்பு வராமல் ஆர் பேரை வெட்டச் சொன்னது எண்டு. தாய்தானாம் சொன்னது. கனகாலம் மாட்டன் எண்டு நிண்டு, பிறகு ஒருநாள் தானே போய்ச் சொன்னவவாம்."

அன்றிரவு பாலத்தடியில் கூடாரம் அடித்தார்கள். நிலவே இல்லை, வானத்தில் அவ்வளவு வெள்ளியை வாழ்க்கையில் கண்டதில்லை என்றான் ழாக். விடிய எழும்பினால் யதுர்ஷன் இடுப்பில் வெள்ளைத் துணியோடு ஆற்றுக்குள் நிற்கிறான். கோப்பியும் வேண்டாம், பாணும் வேண்டாம். முங்கி முங்கி எழும்பினான். பிறகு பார்த்தால் அந்தத் துணி தண்ணீரோடு போகிறது. துவாய் என்று நினைத்து ழாக் தடியோடு கரையில் ஓடினான். யதுர்ஷன் 'விடு' என்றான். அதன்பிறகு பொழுதுபடும்வரை மேடு முழுக்க ழாக்கைப் பின்னால் விட்டுவிட்டு மிதித்தான்.

"முடிஞ்சுது அண்ணை" என்றாள் அற்புதராணி, திரும்பி நடக்கும்போது. "பெடியன் தகப்பன்ரை வேட்டியைக் குளிக்கக் கட்டினவன், ஆத்திலை விட்டுட்டான். தாய்க்குப் பயத்திலை வாய் திறக்கேல்லை."

"நீ கேஸை முடி" என்றார் பொன்னம்பலம். "நான் மெல்ல நடந்து வாறன்."



ஞாயிறு பின்னேரம் டெலிபோன் கடையின் இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டு எல்லோரையும் இருத்தினார்கள். கௌரி பையை மடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் யதுர்ஷன். எதிரே, வாசலோடு ஒட்டி, லோறன்ஸ்.

"தங்கச்சி, லோறன்ஸ் கள்ளன் இல்லை. அதோடை நிப்பாட்டுவமோ?"

"அப்ப ஆர்?"

"கேளாதை."

கௌரி டெலிபோனை எடுத்தாள். "அப்ப பொலிஸ் கேக்கட்டும்."

"நான்தான் எடுத்தன் அக்கா" என்றான் லோறன்ஸ். "எடுத்து வித்துப்போட்டன்."

பொன்னம்பலம் அவன் பக்கம் திரும்பினார். "நல்ல கடிகாரத்தை விட்டிட்டுப் பழைய வேட்டியை எடுத்த கள்ளனை இப்பதான் காணுறன். கரை என்ன நிறம்?"

லோறன்ஸ் யதுர்ஷனைப் பார்த்தான். "சிவப்பு."

"கேட்டியே தங்கச்சி. இவன் அதைக் கண்ணாலையும் காணேல்லை. சரி, சொல்லுறன். பெடியன் பயணத்துக்குக் கொண்டுபோய், ஆத்திலை குளிக்கேக்கை அது இழுபட்டுப் போட்டுது. அவ்வளவுதான். வீட்டை போங்கோ."

அற்புதராணி பெரிதாகத் தலையாட்டினாள். கௌரி அசையவில்லை. மகனைப் பார்த்தாள்.

"குளிக்க அப்பான்ரை வேட்டி என்னத்துக்கு?"

யதுர்ஷன் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கௌரி பொன்னம்பலத்திடம் திரும்பினாள். "அண்ணை, நீங்கள் கையைப் பாக்கிற ஆள். இப்ப நான் உங்கடை கையைப் பாக்கிறன். வந்ததிலை இருந்து சேர்ட் பொக்கற்றைப் பொத்திக்கொண்டு இருக்கிறியள். அதுக்குள்ளை என்ன?"

அத்தனை வருடத்தில் எத்தனை பேரைப் பொன்னம்பலம் அந்தக் கேள்வி கேட்டிருப்பார். அவர்களைப் போலவே அவரும் கையைச் சட்டைப்பைக்குள் விட்டார். கடதாசியை எடுத்து மேசையில் விரித்தார்.

நாலைந்து எள்ளு.

கௌரிக்கு விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. அற்புதராணிதான், "பச்சை எள்ளு என்னத்துக்கு அண்ணை?" என்று கேட்டாள்.

"நீ வேதக்காரி, சேர்ச்சுக்குப் போறவள், உனக்குத் தெரியாது" என்றார். "ஆடி அமாவாசைக்குத் தகப்பன் செத்த பிள்ளையள் வெறும் வயித்தோடை ஆத்திலையோ கடலிலையோ முங்கி, எள்ளுந் தண்ணியும் இறைப்பினம். அண்டைக்கு அந்த வீடுகளிலை மீன் இல்லை, வாழைக்காயும் பூசணியும்தான். தகப்பன் உயிரோடை இருக்கிறவன் அதைச் செய்யமாட்டான். செய்யவும் கூடாது."

"எண்டைக்கு?" என்றாள் கௌரி.

"நீ பாரை வாங்கின சனிக்கிழமை. அந்த ஆத்தங்கரையிலை உடம்பு வராத ஒருத்தனுக்குப் பேர் வெட்டின கல் ஒண்டு நிக்குது."

"அந்தக் கல்லைப் பாத்திட்டுப் பிள்ளைக்கு மனம் குழம்பியிருக்கும் அண்ணை. சின்னப் பிள்ளை. இவர் இல்லை எண்டு தானாய் நினைச்சிருப்பான்."

அதையும் அப்படியே விட்டுவிடலாம் என்று பொன்னம்பலம் ஒரு கணம் நினைத்தார். ஆனால் நாளைக்கு டெலிபோன் அவள் கையில்தான் இருக்கும். அரைகுறையாய்ச் சொன்னால் அவள் மகனை நம்பமாட்டாள், லோறன்ஸை விடவும் மாட்டாள்.

"கல்லை அவன் அங்கை போய்த்தான் கண்டவன். எள்ளும் வேட்டியும் இஞ்சையிருந்தே போயிருக்கு. போக முதலே அவனுக்குத் தெரியும், தங்கச்சி. மாசி மாதத்துக்கு முன்னம் தெரியாது. உன்ரை வீட்டிலை ஒருத்தன் இராஜதுரையின்ரை படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சாப்பிடுறான்."

எல்லோரும் லோறன்ஸைப் பார்த்தார்கள். அவன் இழுக்கிற காலைக் கையால் பிடித்துக்கொண்டான்.

"கடைசிச் சண்டையிலை எனக்குக் காலிலை பட்டது அக்கா. என்ரை உடுப்பு முழுக்க ரத்தம். இராஜதுரை அண்ணைதான் தன்ரை சேர்ட்டைக் கழட்டிப் போட்டுவிட்டவர். மஞ்சள் கோடன். பிறகு விழுந்த செல் குண்டிலை அவர்... நான்தான் மண் போட்டு மூடினனான். ஒரு கையாலை. அந்தச் சேர்ட்டோடை பஸ் ஏறினது நான்தான் அக்கா."

லோறன்ஸ் கௌரியின் மடியிலிருந்த பையைப் பார்த்தான்.

"சொல்லத்தான் உங்கடை வீட்டுக்கு வந்தனான். வந்த அண்டைக்கே பையைத் திறந்து காட்டினியள். எனக்கு வாய் வரேல்லை. தம்பிக்குத்தான் சொன்னன்."

"நான்தான் அம்மாட்டைச் சொல்லவேண்டாம் எண்டனான்" என்றான் யதுர்ஷன். "அம்மா, அப்பாவுக்கு ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை. கல்லும் இல்லை. ஒரு ஆறெண்டாலும் இருக்கட்டும் எண்டு..."

கௌரி பையின் சிப்பை இழுத்து மூடினாள். அது நடுவில் சிக்கியது. மெதுவாகப் பின்னுக்கு எடுத்து, மறுபடி இழுத்து மூடினாள். எழும்பினாள். பொன்னம்பலத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நான் உங்களிட்டை வேட்டியைத்தானே அண்ணை தேடச் சொன்னனான்" என்றாள்.

அவர் கடதாசியைத் திரும்ப மடித்தார்.

வாசலில் குனிந்து கதவுக்குக் கீழால் போகும்போது, திரும்பிப் பாராமல், "லோறன்ஸ், வீட்டை வா. சோறு கிடக்கு" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை கௌரி கடைக்கு வந்தாள். பொன்னம்பலம் முக்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியைப் பார்க்கவில்லை, கையை மட்டும் பார்த்தார். ஐஸுக்கு முன்னால் அவள் நின்றதும், வழமை தெரிந்த மீன்காரன் நல்ல பாரை ஒன்றைத் தூக்கிக் காட்டினான். அவள் வேண்டாம் என்று கையசைத்தாள். மரக்கறிப் பக்கம் போனாள். இரண்டு வாழைக்காயை எடுத்துக் கூடைக்குள் வைத்தாள்.

அன்று அமாவாசையும் இல்லை, விரதமும் இல்லை.